தாராளவாத இறையியலும் வாக்குச்சீட்டும்: சூரிக் மாநிலத்தின் ஐம்பது ஆண்டுகள்

“ஐரோப்பாவில் ஜனநாயகத்துக்கு வழிவிட்டது தாராளவாத இறையியல்தான் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எங்கள் சபை ஆயரோ, அது விசுவாசத்தைக் குலைத்ததைத் தவிர வேறெதையும் செய்யவில்லை என்கிறார். எது உண்மை?” என்பது உங்கள் கேள்வி. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்று சமாதானமாகப் பேசி முடித்துவிடலாம், அது பதிலாகாது. இறையியலையும் ஜனநாயகத்தையும் பொதுப்படையாக வைத்துப் பேசினால் எவரும் தமக்கு வேண்டிய முடிவுக்கு வந்து சேரலாம் என்பதால், நான் ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன். சுவிட்சர்லாந்தின் சூரிக் மாநிலத்தில், ஒரு தாராளவாத இறையியலாளருக்குப் பேராசிரியர் பதவி கொடுக்க முனைந்த அரசை 1839-இல் மக்கள் கவிழ்த்தார்கள். அதே மாநிலத்தில் 1869-இல், அவருடைய கருத்துகளுக்கு மிக நெருங்கி நின்ற ஒரு போதகரும் உறுப்பினராக இருந்த மன்றம் எழுதிய அரசியலமைப்பு, அக்காலத்தின் மிக விரிந்த நேரடி மக்களாட்சிகளுள் ஒன்றை அதே மக்களுக்கு வழங்கியது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் மாறியது என்ன என்று பார்த்தால் கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்பது என் கணிப்பு.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் சபைகளில் ‘அவர் லிபரல்’ என்பது ஏறக்குறைய வசவு; ஒருவரைப் பற்றி அப்படி ஒரு பேச்சு எழுந்துவிட்டால் அடுத்த கன்வென்ஷனில் அவருக்கு மேடை கிடைப்பது சந்தேகம். ஆனால் இறையியலில் இச்சொல் முதலாவதாகக் குறிப்பது ஒரு வாசிப்பு முறையை. வேதாகமம் மனிதர்கள் தத்தம் காலத்தில் எழுதிய நூல்களின் தொகுப்பு. மற்றப் பழைய நூல்களைப் பாடபேதம் பார்த்து, காலம் கணித்து, எழுதியவரின் நோக்கம் அறிந்து வாசிப்பது போலவே இதையும் வாசிக்க வேண்டும். சமயத்தின் உயிர் திருச்சபை விதித்த கோட்பாடுகளில் இல்லை, மனிதனின் உள்ளுணர்விலும் ஒழுக்க வாழ்விலும் இருக்கிறது என்பது இதன் சாரம். பெர்லினில் சாரிட்டே மருத்துவமனையின் போதகராக இருந்த ஷ்லையர்மாக்கர் 1799-இல் வெளியிட்ட சமயம் பற்றிய உரைகளை இதன் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். திருச்சபையை அரசு தன்னோடு பிணைத்துக்கொண்டதே சமயத்துக்கு நேர்ந்த பெருங்கேடு என்று அவர் அந்த உரைகளிலேயே எழுதினார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். லத்தீன் அமெரிக்காவில் 1960களுக்குப் பிறகு உருவான விடுதலை இறையியல் வேறு, இது வேறு. பெயரின் ஒலியொற்றுமையால் நம்மிடையே இரண்டும் அடிக்கடி குழம்பிப்போகின்றன.

இனி சூரிக். 1830 வரை அந்த மாநிலத்தை ஆண்டது நகரம். ஏறக்குறைய பத்தாயிரம் பேர் வாழ்ந்த நகரத்துக்கு மாநில மன்றத்தில் பெரும்பான்மை இடங்கள் இருந்தன. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த நாட்டுப்புறத்துக்கு மிச்சம். 1830 நவம்பர் 22-ஆம் நாள் உஸ்டர் என்ற ஊரில் சுமார் பத்தாயிரம் ஆண்கள் கூடி, இந்த ஏற்றத்தாழ்வை நீக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை, நகரம் பணிந்தது, 1831-இல் புதிய அரசியலமைப்பு மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அன்றைய கூட்டத்தில் வேறொரு குரலும் எழுந்தது. வீட்டில் தறி போட்டு நெய்து பிழைத்த நெசவாளர்கள், விசைத்தறியைத் தடை செய்யுங்கள் என்று கூவினார்கள். மேடையிலிருந்து நம்பிக்கையூட்டும் சொற்கள் வந்தன. ஆட்சிக்கு வந்த தாராளவாதிகள் தடை செய்யவில்லை. ஆலை கட்டுவது தொழில் உரிமை, அதில் அரசு தலையிடலாகாது என்பது அவர்கள் கொள்கை. இரண்டே ஆண்டுகளில், 1832-இல் அதே நவம்பர் 22 அன்று, நினைவுநாள் கொண்டாட வந்த கூட்டத்தின் கண்ணெதிரே நெசவாளர்கள் உஸ்டரின் விசைத்தறி ஆலைக்குத் தீ வைத்தார்கள். தண்டனைகள் மிகக் கடுமையாக இருந்தன. ஈரோட்டையோ சோமனூரையோ அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த நெசவாளர்களின் மனநிலையை விளக்க வேண்டியதில்லை.

ஆலைத் தொழிலைக் காத்த அதே அரசு, கல்வியில் வேகமாக நடந்தது. 1832-இல் பள்ளிச் சட்டம், கூஸ்நாக்டில் ஆசிரியர் பயிற்சி நிலையம், 1833-இல் பல்கலைக்கழகம். பயிற்சி நிலையத்தின் தலைவர் ஷெர், வேத வாசகங்களையும் சமய வினாவிடையையும் மனப்பாடம் செய்வித்து வந்த பழைய பள்ளியை மாற்றி, இயற்கையையும் மொழியையும் கற்பிக்கும் புதிய பாடநூல்களைக் கொண்டுவந்தார். இன்றைய கண்ணுக்கு இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பிள்ளை பள்ளிக்குப் போனால் வீட்டுத் தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்க ஆளில்லை. பள்ளிக்கு வரியும் கட்ட வேண்டும். கொண்டுவரும் புத்தகத்தில் வேதவசனமும் இல்லை. தறியையும் பிள்ளையின் உழைப்பையும் வேதப் புத்தகத்தையும் தங்களிடமிருந்து பறித்தவர்கள் ஒரே கூட்டத்தார் என்று ஒரு கிராமத்து நெசவாளர் எண்ணியிருந்தால், அதை வெறும் அறியாமை என்று நான் தள்ளிவிட மாட்டேன்.

இந்த நிலையில்தான் 1839 தொடக்கத்தில், டாவிட் ஃப்ரீட்ரிஷ் ஷ்ட்ராவுஸைக் கோட்பாட்டு இறையியல் பேராசிரியராக அழைப்பதென்று அரசு முடிவு செய்தது. அவருக்கு அப்போது முப்பத்தொரு வயது. 1835-இல் இரண்டு தடித்த பாகங்களாக வெளிவரத் தொடங்கிய, இயேசுவின் வாழ்க்கை பற்றிய ஆய்வு நூலால் ஜெர்மனியின் ட்யூபிங்கனில் வேலையை இழந்திருந்தார். அவர் செய்தது என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டில் காட்டலாம். ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த நிகழ்ச்சியை மரபினர் அற்புதம் என்றனர். பகுத்தறிவுவாத இறையியலாளர்கள், இயேசு தம் உணவைப் பகிர்ந்ததைக் கண்டு மற்றவர்களும் மடியில் முடிந்து வைத்திருந்ததை வெளியே எடுத்தார்கள் என்று இயல்பான விளக்கம் தந்தனர். ஷ்ட்ராவுஸ் இரண்டையும் மறுத்தார். வனாந்தரத்தில் மன்னா பொழிந்தது, எலிசா இருபது அப்பங்களால் நூறு பேரைப் பசியாற்றியது ஆகிய பழைய ஏற்பாட்டுக் கதைகளில் ஊறிய ஒரு சமூகம், வரவேண்டிய மேசியா அவற்றைவிடப் பெரியதைச் செய்திருப்பார் என்ற நம்பிக்கையிலிருந்து, யாரும் ஏமாற்றாமலும் யாரும் திட்டமிடாமலும், இந்தக் கதையை உருவாக்கிக்கொண்டது என்றார். புராணம் என்ற சொல்லை அவர் இழிவாகப் பயன்படுத்தவில்லை. ஒரு சமூகத்தின் உள்ளம் பேசும் மொழி அது என்பதே அவர் கருத்து. இந்த நுட்பம் மலைச்சரிவுக் கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்தபோது, ‘இயேசுவைக் கட்டுக்கதை என்பவனை அரசாங்கம் சம்பளம் கொடுத்து அழைக்கிறது’ என்று சுருங்கிவிட்டது.

நாட்டுப்புறம் எதிர்த்த விதம் கவனிக்கத்தக்கது. ஊர்தோறும் விசுவாசக் குழுக்கள் அமைந்தன. திருச்சபைக் கூட்டங்களில் மனு வாசிக்கப்பட்டு வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 39,000 பேர் ஷ்ட்ராவுஸ் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். மனுவை எதிர்த்து வாக்களித்தவர்கள் ஆயிரத்தைச் சற்றே தாண்டினார்கள். மனுச் செய்யவும் கூடிப் பேசவும் உஸ்டரில் வென்றெடுத்த உரிமையைக் கொண்டே, அந்த உரிமையை வாங்கித் தந்தவர்களை மக்கள் மடக்கினார்கள். அரசு பின்வாங்கியது: ஷ்ட்ராவுஸ் சூரிக்கில் ஒரு நாள்கூடப் பாடம் நடத்தாமலேயே, ஆண்டுக்கு ஆயிரம் ஃபிராங்க் ஓய்வூதியத்துடன் ஓய்வு பெற்றவராக்கப்பட்டார். ஆனால் எதிர்ப்பு அத்துடன் அடங்கவில்லை. இப்போது குறி பள்ளிகள் மீது திரும்பியது.

செப்டம்பர் 5 மாலை, பெஃபிகோன் என்ற ஊரின் போதகர் பெர்ன்ஹார்ட் ஹிர்ட்ஸெல் ஆலய மணியை அபாய மணியாக அடிக்கச் செய்தார். ஆயிரக்கணக்கானோர் அரிவாளும் தடியும் துப்பாக்கியுமாக இரவோடு இரவாக நடந்து, ஞானப்பாட்டுகள் பாடியபடி, 6-ஆம் தேதி காலை நகருக்குள் நுழைந்தார்கள். படையினரோடு மோதல் மூண்டது. பதினைந்து பேர் அளவில் இறந்தனர். சுடுவதை நிறுத்தும் ஆணையைக் கொண்டு வெளியே வந்த அரசு உறுப்பினர் ஹெகெட்ஷ்வைலர், மருத்துவரும் தாவரவியலாளருமானவர், தலையில் சுடப்பட்டுச் சில நாள்களில் உயிரிழந்தார். அரசு கலைந்தது. இடியையோ மோதலையோ குறிக்கும் ‘புட்ச்’ என்ற சுவிஸ் வட்டாரச் சொல், ஆட்சிக்கவிழ்ப்பு என்ற பொருளோடு ஜெர்மன் மொழிக்கும் அங்கிருந்து உலக மொழிகளுக்கும் போனது இந்த நாளிலிருந்துதான். இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை: கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய இந்த ஹிர்ட்ஸெல் சமஸ்கிருதம் கற்றவர், காளிதாசனின் சாகுந்தலத்தை 1833-இல் ஜெர்மனில் மொழிபெயர்த்தவர். அவர் எதிர்த்த அரசில் ஷ்ட்ராவுஸுக்காக முன்னின்றவர் பெயரும் ஹிர்ட்ஸெல்தான், மெல்கியோர் ஹிர்ட்ஸெல். படித்தவர் ஒரு பக்கம், பாமரர் மறுபக்கம் என்று இந்த நிகழ்ச்சியைப் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டு ஹிர்ட்ஸெல்களும் தொந்தரவு தருகிறார்கள்.

ஷ்ட்ராவுஸ் ஜனநாயகவாதியா என்றால், இல்லை. 1848 புரட்சியின்போது ஜெர்மானிய அரசான வ்யூர்ட்டம்பெர்க்கின் சட்டமன்றத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்த சொந்த ஊர் மக்கள், அவர் அங்கே பழமைவாதிகளோடு சேர்ந்து வாக்களிப்பதைக் கண்டு திகைத்தார்கள். சில மாதங்களிலேயே பதவி விலகினார். முதுமையில் 1872-இல் எழுதிய நூலில் முடியாட்சியைப் போற்றி, அனைவருக்கும் வாக்குரிமை என்பதைக் குறை கூறினார். வேதத்தைக் கேள்வி கேட்டவர் அரசரைக் கேள்வி கேட்கவில்லை. ஆகவே ‘விமரிசன வாசிப்பு வந்தது, ஜனநாயகம் தானாகப் பின்தொடர்ந்தது’ என்ற கதை முதல் அடியிலேயே இடறி விழுகிறது. நீங்கள் படித்த கட்டுரை இந்த இடத்தைத் தாண்டிக் குதித்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

1839-இல் வந்த பழமைவாத ஆட்சி நீடிக்கவில்லை. 1845-இல் தாராளவாதிகள் திரும்பினார்கள். பல்கலைக்கழகத்துக்கு 1850-இல் பீடர்மான் என்ற இறையியலாளர் வந்தார். ஷ்ட்ராவுஸிடமிருந்து கருத்தளவில் வெகுதூரம் விலகாத அவர், 1885-இல் இறக்கும்வரை அங்கேயே கற்பித்தார். யாரும் அபாய மணி அடிக்கவில்லை. அவர் மாணவர்களும், 1848-இல் வ்யூர்ட்டம்பெர்க்கிலிருந்து தப்பி வந்த ஹைன்ரிஷ் லாங் போன்றவர்களும் ஊர்களில் போதகர்களானார்கள். இங்கேதான் மாற்றம் தொடங்குகிறது என்பேன். ஷ்ட்ராவுஸ் மேலிருந்து அனுப்பப்பட்ட பேராசிரியர். இவர்கள் ஞானஸ்நானம் கொடுத்து, திருமணம் செய்துவைத்து, அடக்கம் செய்து, ஒரே ஊரில் பல ஆண்டுகள் மக்களோடு வாழ்ந்தவர்கள். ஒரு கருத்தை எதிர்ப்பது எளிது. தன் தாயின் அடக்கத்தில் நின்று ஜெபித்த ஒருவரை, ஈஸ்டர் ஞாயிறன்று உயிர்த்தெழுதலை ஆவிக்குரிய பொருளில் விளக்கினார் என்பதற்காக ஊரைவிட்டுத் துரத்துவது அவ்வளவு எளிதில்லை.

அதற்காக மரபினரை அவர்கள் மிதித்துவிடவும் இல்லை. 1868-இல் வந்த சூரிக் திருச்சபையின் புதிய வழிபாட்டு நூலில், ஞானஸ்நான ஆராதனைக்கு இரண்டு வடிவங்கள் இடம்பெற்றன. ஒன்றில் திருச்சபையின் பழைய விசுவாச அறிக்கையான அப்போஸ்தலரின் விசுவாசப் பிரமாணம் உண்டு, மற்றதில் இல்லை. ‘கன்னி மரியாளிடம் பிறந்தார்’ என்று மனச்சான்றோடு சொல்ல முடியாதவர் இரண்டாவதைப் பயன்படுத்தலாம். சொல்லாமல் தம் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடைத்ததாக எண்ண முடியாத பெற்றோருக்கு முதலாவது இருந்தது. கேட்பதற்குச் சிறிய ஏற்பாடு. பல நூற்றாண்டுகளாக ஒரே அறிக்கையால் கட்டப்பட்டிருந்த ஒரு திருச்சபை, ஒரே கூரையின் கீழ் இரண்டு அறிக்கைகளோடு வாழ முடியும் என்று ஒப்புக்கொண்டது இதன் பொருள். கருத்து வேறுபட்டும் பிரிந்து போகாமல் இருப்பதை ஒரு நிறுவனத்தின் விதியாகவே எழுதி வைக்க முடிந்ததை, தாராளவாத இறையியல் பொதுவாழ்வுக்குத் தந்த மிகத் திடமான கொடையாக நான் கருதுகிறேன். அதை ‘விசுவாசக் குலைவு’ என்று உங்கள் ஆயர் சொன்னால், அவர் எதைச் சொல்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. மரபினரின் வாதம் லேசானது அன்று: எல்லோரும் சேர்ந்து சொல்ல ஒன்றுமே இல்லாத கூட்டத்தைச் சபை என்று எப்படி அழைப்பது?

இப்போது உஸ்டருக்குத் திரும்புவோம். கூட்டம் கூடிய, ஆலை எரிந்த அதே உஸ்டரில் 1864 முதல் 1870 வரை போதகராக இருந்தவர் ஃப்ரீட்ரிஷ் சாலமோன் ஃபோகெலின். அற்புதங்களை வரலாறாக ஏற்காத அவர், அதை மறைக்காமல் பிரசங்க பீடத்திலேயே சொன்னார், புகார்கள் எழுந்தன, பதவி பறிபோகவில்லை. அதே ஆண்டுகளில் மாநிலத்தில் வேறொரு கொந்தளிப்பு மூண்டிருந்தது. ரயில்வேயும் வங்கியும் மன்றமும் ஆல்ஃப்ரெட் எஷர் என்ற ஒரே மனிதரைச் சுற்றிச் சுழன்றன. தாராளவாத ஆட்சி என்பது படித்த, பணமுள்ள சிலரின் ஆட்சியாகச் சுருங்கியிருந்தது. 1867-இல் காலரா வேறு நகரின் ஏழைத் தெருக்களைச் சூறையாடியது. அந்த ஆண்டு டிசம்பர் 15 அன்று, குளிரையும் மழையையும் பொருட்படுத்தாமல், சூரிக், விண்டர்தூர், ப்யூலாக், உஸ்டர் என நான்கு ஊர்களில் ஒரே நேரத்தில் மக்கள் பெருந்திரளாகக் கூடி, அரசியலமைப்பை மாற்றக் கோரினார்கள். அமைந்த அரசியலமைப்பு மன்றத்தில் ஃபோகெலினும் உறுப்பினர். மக்களாட்சி இயக்கத்தின் முன்னணியில் நின்றவர்.

1869 ஏப்ரல் 18-இல் மக்கள் ஏற்றுக்கொண்ட அரசியலமைப்பின்படி, சட்டங்கள் மக்கள் வாக்குக்குச் செல்ல வேண்டும். மக்களே சட்டம் முன்மொழியலாம். அமைச்சரவையையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பார்கள். மாநில வங்கி அமையும். பெண்களுக்கு இவற்றில் எதிலும் பங்கில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என் கண்ணில் பட்டது, பெரும்பாலானோர் கவனிக்காத இன்னொரு விதி: அரசு உதவி பெறும் திருச்சபைகளின் போதகர்களும் பள்ளி ஆசிரியர்களும் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் வாக்கால் மீண்டும் உறுதி செய்யப்பட வேண்டும். 1839-இல் மக்களின் கோபம் பாய்ந்தது போதகர்களை உருவாக்க அழைக்கப்பட்ட பேராசிரியர் மீதும் பள்ளிகள் மீதும்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, தாராளவாதப் போதகர் ஒருவரும் சேர்ந்து எழுதிய சட்டம், போதகரின் பிழைப்பையே அந்த நெசவாளரின் வாக்குச்சீட்டில் வைத்தது. ‘வேதம் கேள்விக்கு அப்பாற்பட்டதில்லை’ என்று சொன்னவர்கள், ‘நானும் கேள்விக்கு அப்பாற்பட்டவன் இல்லை’ என்று சொல்லப் பழகினார்கள். இறையியல் ஜனநாயகத்தோடு கைகோத்தது இந்த இரண்டாவது வாக்கியத்தில்தான். முதலாவது மட்டும் இருந்தவரை அது கற்றவர்களின் அதிகாரமாகவே மக்களுக்குப் பட்டது.

நெசவாளரின் பழைய மனுவுக்கும் ஒருவிதப் பதில் வந்தது. 1875-இல் தேசிய மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஃபோகெலின், தொழிலாளர் பக்கம் நின்று பேசியவர்களுள் ஒருவர். 1877-இல் கூட்டாட்சி அளவிலான தொழிற்சாலைச் சட்டம் குறுகிய பெரும்பான்மையில் மக்கள் வாக்கெடுப்பைக் கடந்தது: நாளொன்றுக்குப் பதினொரு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஆலையில் வைக்கக்கூடாது. ஆலையை எரித்தவர்களைச் சிறைக்கு அனுப்பிய தாராளவாதத்திலிருந்து இங்கே வந்து சேர நாற்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. இந்தச் சட்டம் இறையியலால் மட்டும் வந்தது என்று நான் சொல்லவில்லை. தொழிலாளர் சங்கங்கள் இல்லாமல் அது நடந்திராது.

இருண்ட பக்கத்தையும் காட்ட வேண்டும். 1874-இல் திருத்தப்பட்ட கூட்டாட்சி அரசியலமைப்பு, விசுவாச உரிமையும் மனச்சான்று உரிமையும் மீறப்படலாகாது என்றது. தொடக்கப் பள்ளி கட்டாயம், இலவசம், எந்தச் சமயத்தவரும் மனத்தடையின்றிப் படிக்கத்தக்கது என்றது. அதே ஆவணம் கத்தோலிக்கத் துறவிகளான இயேசு சபையினரைத் தடை செய்து, புதிய துறவு மடங்கள் அமைவதையும் தடுத்தது. இந்த விதிகள் 1973 வரை நீங்கவில்லை. தாராளவாதச் சீர்திருத்தத் திருச்சபையினர் இதில் முரண்பாடு எதையும் காணவில்லை. திருத்தந்தைக்குக் கீழ்ப்படிபவர் சுதந்திரமாகச் சிந்திக்க இயலாதவர், ஆகவே குடியரசுக்கு ஆபத்தானவர் என்பது அவர்கள் தர்க்கம். தம்மைப் போல் சிந்திப்பவர்களுக்கே சிந்தனை உரிமை என்ற இந்தச் சறுக்கல் தாராளவாத இறையியலுக்கு வெளியிலிருந்து வந்த நோய் இல்லை. ‘வளர்ந்த சமயம், வளராத சமயம்’ என்று அது போட்ட படிக்கட்டிலேயே இருந்தது. யூதர்களுக்குக் குடியிருப்பு உரிமை 1866-இல் கிடைத்ததைச் சிலர் இறையியலின் கணக்கில் எழுதுவார்கள்; உண்மையில் அதற்கு உடனடிக் காரணம் பிரான்ஸுடன் செய்துகொண்ட வணிக ஒப்பந்தம்.

மக்களும் ஒரேயடியாக மாறிவிடவில்லை. பள்ளிகளைக் கூட்டாட்சி அளவில் கண்காணிக்க ஒரு செயலரை அமர்த்தும் திட்டத்தை, 1882 நவம்பர் வாக்கெடுப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். ‘பள்ளியிலிருந்து கடவுளைத் துரத்துகிறார்கள்’ என்ற அதே பழைய அச்சம்; ஆனால் இம்முறை அரிவாள் வரவில்லை, வாக்குச்சீட்டு போதுமானதாக இருந்தது.

இந்த இறையியலின் பலமே அதன் பலவீனமும் என்பது 1914-இல் வெளிப்பட்டது. தன் காலத்தின் நல்ல கலாசாரத்தோடு சமயத்தை இசைவித்தவர்களுக்கு, அந்தக் கலாசாரம் போருக்குக் கிளம்பியபோது எதிர்த்துப் பேச ஓர் இடம் இல்லாமல் போனது. ஜெர்மனியின் மிகப் பெரிய தாராளவாத இறையியலாளரான ஹார்நாக், ஆகஸ்ட் 6 அன்று பேரரசர் மக்களுக்கு விடுத்த போர் அறைகூவலின் வரைவை எழுதிக் கொடுத்தார். அக்டோபரில் 93 அறிஞர்கள் ஜெர்மனியின் போரை நியாயப்படுத்தி வெளியிட்ட அறிக்கையில் அவரும் கையெழுத்திட்டார். அவரிடம் பயின்ற கார்ல் பார்த், சூரிக்குக்கு மேற்கே ஆர்காவ் மாநிலத்தின் சாஃபென்வில் என்ற நெசவுத் தொழிலாளர் ஊரில் அப்போது போதகர். தம் ஆசிரியர்களின் பெயர்களை அந்த அறிக்கையில் கண்ட அதிர்ச்சி, அந்த இறையியல் முழுவதையுமே அவர் கைவிடக் காரணமானது. கடவுள் நம் கலாசாரத்தின் உச்சம் அல்லர், அதற்கு எதிரே நின்று தீர்ப்பிடுபவர் என்று எழுதத் தொடங்கினார். 1934-இல், நாஜி ஆட்சிக்கு ஒத்தூதிய திருச்சபையினரை மறுத்து வெளிவந்த பார்மென் அறிக்கையின் பெரும்பகுதி அவர் எழுதியது. சர்வாதிகாரத்துக்கு ‘இல்லை’ என்று சொல்லும் வலிமை அங்கே தாராளவாத இறையியலை உதறியவரிடமிருந்து வந்தது. இருந்தாலும் ஹார்நாக்கை 1914-இலேயே நிறுத்திவிடுவது நியாயமாகாது. 1918-க்குப் பிறகு ஜெர்மன் போதகர்களில் பெரும்பாலோர் இழந்த முடியாட்சிக்காக ஏங்கியபோது, அவர் குடியரசை ஏற்றார். அவருடைய சக இறையியலாளர் ட்ரோல்ட்ஷ், மக்களாட்சிக் கட்சியின் சார்பில் 1919-இல் பிரஷ்ய மன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அமெரிக்காவைப் பற்றிக் கேட்பீர்கள் என்பதால் சுருக்கமாக: நியூயார்க்கின் ஏழைத் தெருக்களை ஒட்டிய ஒரு ஜெர்மன் பாப்டிஸ்ட் சபையில் 1886 முதல் பதினோரு ஆண்டுகள் போதகராக இருந்து, அடுத்தடுத்துக் குழந்தைகளை அடக்கம் செய்து மனமுடைந்த ராஷன்புஷ், பாவம் தனிமனிதரிடம் மட்டுமின்றிச் சமூக அமைப்பிலும் குடியிருக்கிறது என்று எழுதினார். அவரிடம் தாம் பட்ட கடனை மார்ட்டின் லூதர் கிங் வெளிப்படையாகச் சொன்னார்; மனித இயல்பு பற்றி ராஷன்புஷ் அளவுக்கு மீறிய நம்பிக்கை கொண்டிருந்தார் என்ற குறையையும் கூடவே சொன்னார். தாராளவாதத்தின் சமூக அக்கறையை எடுத்துக்கொண்டு அதன் அசட்டு நம்பிக்கையை விட்டுவிட்ட இந்த வகையே, எனக்குத் தெரிந்தவரை, அதிக பலன் தந்திருக்கிறது.

இந்தச் சண்டை நம் வாசலுக்கும் வந்தது. 1938 டிசம்பரில், தாம்பரத்துக்கு இடம் மாறிச் சிறிது காலமே ஆகியிருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் அனைத்துலக மிஷனெரி மாநாடு கூடியபோது, பார்த்தின் சிந்தனையை ஒட்டி நின்ற டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர், கிறிஸ்துவின் வெளிப்பாட்டுக்கும் பிற சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்று வாதிட்டார். சென்னையைச் சேர்ந்த பி. சென்சையாவும் வி. சக்கரையும் அவர்கள் நண்பர்களும் அதை மறுத்தார்கள். ஐரோப்பாவில் ஹிட்லரை எதிர்க்க உதவிய கடுமை, பல சமயத்தார் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் நாட்டில் அயலாரின் வழிபாட்டில் பொருள் இல்லை என்று சொல்லும் கடுமையாக மாறுவதை அவர்கள் கண்டார்கள். இருவருமே சட்டம் படித்தவர்கள். சக்கரை தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்தார், சென்னை மாநகராட்சியின் மேயராகவும் இருந்தார். அவர் பேசிய தொழிலாளர் கூட்டங்களிலும், அவருக்கு வாக்களித்த மாமன்றத்திலும், பெரும்பான்மையோர் அவர் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர்.